கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பகல்: காலியா, கண்டியா, நீர்கொழும்பா?

வெள்ளவத்தை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இருக்கும் என் மைத்துனர் குடும்பம் வருகிற தை மாதம் சிங்கப்பூரில் ஏறி மேற்கே செல்லும் பயணக் கப்பல் ஒன்றில் கொழும்புக்கு வருகிறது. கப்பல் காலை 7 மணிக்குத் துறைமுகத்தை அடைந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் என்று பயணச்சீட்டில் போட்டிருக்கிறது. வருபவர்கள் மைத்துனர், அவர் மனைவி, எழுபதைத் தாண்டிய என் மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரு பிள்ளைகள். கப்பல் நிறுவனம் அனுப்பிய கையேட்டில் காலி, கண்டி, கொழும்பு நகர்வலம் என்று மூன்று சுற்றுலாக்கள் இருக்கின்றன. விலையைப் பார்த்தால் ஐந்து பேருக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு வாரத்துக்கு வான் வண்டி பிடித்துவிடலாம். அவர்களுக்குக் கடைத்தெருவில் நாட்டமில்லை. பழைய ஊர் ஒன்றையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நானே வான் ஒழுங்கு செய்து கூடவே போகத் தயார். எந்த ஊருக்குப் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இறங்குதுறை எழுதியது:

நான் கப்பல் முகவர் தொழிலில் இருப்பவன் என்பதால், ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 7 மணி என்று போட்டிருப்பது கப்பல் துறைமுகத்துக்குள் வரும் நேரமே தவிர, பயணிகள் வீதிக்கு வரும் நேரம் அல்ல. கப்பலைக் கட்டி, குடிவரவு அலுவல்கள் முடிந்து, முதலில் கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலாக் குழுக்களை இறக்கிவிட்ட பின்னர்தான் தனியாகச் செல்பவர்களுக்கு வழி விடுவார்கள். கொள்கலன் பெட்டிகளும் பாரவண்டிகளும் ஓடும் துறைமுக வளாகத்துக்குள் நடக்க முடியாது. வளாகப் பேருந்தில் ஏறி வாயிலுக்கு வர வேண்டும். ஆகவே எட்டரை மணிக்கு உங்கள் வானில் ஏறினால் அது நல்ல சகுனம். மறுபக்கத்தில், 6 மணிக்குப் புறப்படும் கப்பல் வழக்கமாக 5 மணிக்கே அனைவரும் ஏறியிருக்க வேண்டும் என்று அறிவித்துவிடும். கொழும்பின் மாலை நெரிசலை நம்ப முடியாது என்பதால் 4 மணிக்குத் துறைமுக வாயிலில் நிற்பதாகவே திட்டமிட வேண்டும். கையேட்டில் பதினொரு மணி நேரமாகத் தெரியும் நாள், கைக்கு வரும்போது ஏழரை மணி நேரம்தான்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா விலை கூடியதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்களுடைய பேருந்து வழியில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அவர்களே ஏற்பார்கள். தனியாகப் போனவருக்காக எந்தக் கப்பலும் நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காது. இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. வீட்டுக்காரர் ஒருவர் கூடவே வருகிறார் என்றால் தனி வானே மேல் என்பதுதான் என் கருத்தும். எந்த ஊராக இருந்தாலும், திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு போகும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

பேராதனைப் பழையவன் எழுதியது:

இலங்கைக்கு முதன்முறை வருபவர்களுக்குக் கண்டியைக் காட்டாமல் அனுப்புவது எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழர்களுக்குக் கண்டியில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. 1739 முதல் 1815 வரை அங்கே ஆண்டவர்கள் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினர். புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு அருகில் உள்ள மகுல் மடுவ எனப்படும் அரச சபை மண்டபத்தின் மரத்தூண்களுக்கு நடுவில்தான் 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது; அந்த உடன்படிக்கையில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா? கண்டி வாவியைக்கூடக் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்தான் 1807இல் வெட்டுவித்தான். கடுகண்ணாவை மலையேற்றத்தின் காட்சி ஒன்றே பயணச் செலவுக்கு ஈடாகும். சற்று வேகமாகப் போய்வந்தால் முடியாத காரியமில்லை என்று நினைக்கிறேன்.

இறங்குதுறை எழுதியது:

ஐயா, வரலாற்றில் நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. வீதியைப் பற்றி மட்டும் மறுக்கிறேன். கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீற்றர்தான், ஆனால் முழுத் தூரத்துக்கும் அதிவேக வீதி இன்னும் இல்லை. மீரிகமவுக்கும் குருணாகலுக்கும் இடையிலான துண்டு 2022இல் திறக்கப்பட்டதே தவிர, கடவத்தையிலிருந்து மீரிகம வரையிலான பகுதி முடிந்தால்தான் அது கொழும்புக்காரருக்கு முழுப் பயன் தரும். நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை, மாவனெல்ல என்று ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஊர்ந்து போனால் ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம் ஆகும். போக மூன்றரை, வர மூன்றரை. ஏழரை மணி நேரத்தில் கண்டிக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். புகையிரதம் என்றால், காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து போகும் கடுகதி கப்பல் பயணிகள் இறங்குவதற்கு முன்பே புறப்பட்டுவிடும். இரவு கொழும்பில் தங்கும் கப்பலாக இருந்தால் கண்டிக்குப் போகலாம். இந்தக் கப்பலுக்குக் கூடாது.

காலி மருமகள் எழுதியது:

நான் திருமணமாகி வந்த ஊர் காலி என்பதால் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஒரு பகல் மட்டும் கையில் உள்ளவர்களுக்குக் காலிக் கோட்டையைவிடப் பொருத்தமான இடம் மேற்குக் கரையில் இல்லை. 2011இல் தெற்கு அதிவேக வீதி திறக்கப்பட்ட பிறகு அது தொடங்கும் கொட்டாவையிலிருந்து காலிக்கான பின்னதுவ வெளிவாயிலுக்கு வர ஒரு மணி நேரம் சொச்சம்தான். கடினமானது கொழும்பிலிருந்து கொட்டாவைக்கு வருவது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. துறைமுகத்திலிருந்து காலி வீதியையோ ஹைலெவல் வீதியையோ பிடிக்காமல், இங்குருகடைச் சந்தி வழியாகப் புதிய களனிப் பாலத்தைக் கடந்து, பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேக வீதியில் ஏறி, கெரவலப்பிட்டியில் வெளிவட்ட வீதிக்குத் திரும்பினால், அப்படியே கடவத்தை, கடுவெல, அதுருகிரிய என்று நகரத்தைச் சுற்றிக்கொண்டு கொட்டாவையில் தெற்கு வீதியோடு சேர்ந்துவிடலாம். வரைபடத்தில் வடக்கே போய்த் தெற்கே வருவது வீண்சுற்றாகத் தோன்றும். காலை எட்டரை மணிக்குப் பொரளைச் சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு அது வீண்சுற்று இல்லை என்பது தெரியும். இரண்டு மணி நேரத்தில் கோட்டை வாசலுக்கு வரலாம்.

கோட்டையைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, ஆனாலும் கையேடுகள் விட்டுவிடும் சிலவற்றைச் சொல்கிறேன். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர்தான் இன்று நாம் காணும் மதில்களையும் கொத்தளங்களையும் பெருமளவில் கட்டினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வாகனங்கள் நுழையும் பெரிய வாசல் 1873இல் ஆங்கிலேயர் திறந்தது. அதில் நேரம் செலவழிக்காமல் துறைமுகப் பக்கம் இருக்கும் பழைய வாசலுக்கு நடந்து போகச் சொல்லுங்கள். வெளிப்புறத்தில் ஆங்கில அரச முத்திரை இருக்கும். வளைவைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்துகள் பின்னிய முத்திரையை இரு சிங்கங்கள் தாங்க, மேலே ஒரு சேவல் நிற்கும். கீழே 1669 என்ற ஆண்டு பாசி படிந்து தெரியும். ஒரே வாசலுக்கு இரண்டு முதலாளிகள் தங்கள் பெயர்ப்பலகையை ஆளுக்கொரு பக்கம் மாட்டியிருப்பதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

1755ஆம் ஆண்டுக்குரிய ஒல்லாந்தத் தேவாலயத்தின் தரை முழுவதும் கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றில் மண்டையோடும் குறுக்கெலும்பும் புடைப்பாகச் செதுக்கியிருப்பதால் சிறுபிள்ளைகள் தாண்டித் தாண்டி நடப்பார்கள். வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் மீரான் ஜும்மாப் பள்ளிவாசல், இரு கோபுரங்களும் முக்கோண முகப்புமாக, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தேவாலயம் போலவே தெரியும். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னமும் பல வீடுகளில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் மாமியார் வழி கேட்டால் அவர் மொழியிலேயே பதில் கிடைக்கும். 2004 ஆழிப்பேரலையில் மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அழிந்தபோது, மதிலுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பீரங்கிக் குண்டுக்காகக் கட்டிய மதில் தண்ணீரைத் தடுத்தது.

ஓர் எச்சரிக்கை: மதில் மேல் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை, நிழலும் இல்லை. பதினொரு மணிக்கு மேல் எழுபது வயதானவரை மதில் மேல் நடக்க வைக்காதீர்கள். அவர் தெருக்களுக்குள் நிழலில் நடக்கட்டும். மற்றவர்கள் மதிலைச் சுற்றி வரட்டும்.

கல்லெழுத்து எழுதியது:

காலி மருமகள் அக்கா இவ்வளவு சொல்லியும், தமிழருக்குக் காலியில் இருக்கும் மிக முக்கியமான பொருளைச் சொல்லவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அது இப்போது காலியில் இல்லை. 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்த பலகைக் கல்லைப் பொறியியலாளர் ஒருவர் அடையாளம் கண்டார். அது சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்ற, தமிழ்ப் பகுதி தெவிநுவரத் தலத்துத் தெய்வமான தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. மூன்று பகுதிகளிலும் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றேதான்: பொன், வெள்ளி, பட்டு, வாசனைப் பொருள்கள், எண்ணெய். ஒருவருக்குக் கூடவோ மற்றவருக்குக் குறையவோ கொடுக்காத இந்தச் சமநிலையைப் பார்த்தால், அன்றைய காலித் துறையில் யார் யார் வணிகம் செய்தார்கள், யாரையெல்லாம் மனம் கோணாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும். கடல்வழி வருபவர் கரையில் எந்த மொழியில் பேசினால் காரியம் நடக்கும் என்பதைச் சீனத் தளபதி அறிந்திருந்தார். நம்முடைய இன்றைய அறிவித்தல் பலகைகளில் சில அதை இன்னும் அறியவில்லை.

அந்தக் கல் இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீற்றர்தான். 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்திலேயே, பேராதனைப் பழையவன் ஐயா காட்ட விரும்பிய கண்டியின் ஒரு பகுதியும் இருக்கிறது: 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் கண்டி அரசனுக்குப் பரிசளித்த சிம்மாசனமும், அரச முடியும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1934இல் திரும்பி வந்து இங்கே வைக்கப்பட்டுள்ளன. அந்தச் சிம்மாசனத்தில் கடைசியாக அமர்ந்தவன் 1816இல் கொழும்பிலிருந்துதான் கப்பலேற்றப்பட்டுச் சென்னை வழியாக வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டான். உங்கள் மைத்துனர் வேலூர்ப் பக்கம் போகும்போது அவன் சமாதியையும் பார்க்கலாம். கண்டிக்கு அரை மணி நேரம் மட்டும் மிஞ்சும் நாளில், அந்த அரை மணி நேரத்தை நூதனசாலையில் செலவழிப்பது நல்லது.

பேராதனைப் பழையவன் எழுதியது:

சிம்மாசனம் போதாது, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை விமானத்தில் வரச் சொல்லுங்கள்.

நீர்கொழும்பான் எழுதியது:

எல்லோரும் தெற்கையும் மலையையும் பார்க்கிறீர்கள். வடக்கே முக்கால் மணி நேரத்தில் இருக்கும் ஊரைக் கையேட்டுக்காரர்கள் கடற்கரை விடுதி என்று ஒதுக்கிவிட்டதால் இங்கேயும் யாரும் கேட்கவில்லை. துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதியில் போனால், நேரத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் பார்க்கக்கூடிய பழைய ஊர் நீர்கொழும்பு ஒன்றுதான். கறுவா வணிகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மாறி மாறிப் பிடித்த கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது 1678 என்று பொறித்த வாசலும் மண்மேடுகளும்தான். உள்ளே சிறைச்சாலை நடக்கிறது. ஆகவே வாசலை வெளியே நின்று பார்த்துவிட்டு, புகைப்படக் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். கோட்டையைப் பார்க்க மட்டும் இங்கே வர வேண்டாம் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

வர வேண்டியது களப்பு கடலோடு சேரும் முகத்துக்காக. கோட்டைக்குப் பக்கத்து மீன் சந்தையில் ஏலம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும். கப்பலில் வருபவர்கள் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் ஒன்பதரை மணிக்குப் பின்னால்தான் கருவாட்டு வேலை மும்முரமாக நடக்கும். கடற்கரை நெடுகத் தென்னந்தும்பு விரிப்புகளைப் பரப்பி, வகுந்து உப்பில் ஊறிய மீனை ஒவ்வொன்றாகத் தோல் கீழே இருக்கும்படி வரிசையாக அடுக்கி, வெயில் ஏறியதும் அத்தனையையும் கையால் புரட்டிப் போடும் பெண்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சிங்களம் பேசிக்கொண்டிருப்பவர்கள் உங்களைக் கண்டதும் இந்தக் கரைக்கே உரிய ஒரு தமிழில் விலை சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வராதீர்கள். கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்கள் அன்று கடலுக்குப் போகமாட்டார்கள், சந்தை வெறிச்சோடிக் கிடக்கும். பிறகு புனித மரியாள் தேவாலயத்தின் கூரை ஓவியங்கள், ஒல்லாந்தர் கால்வாய், கடல் வீதியில் வரிசையாக நிற்கும் கோயில்கள் என்று இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பார்க்கலாம்.

இன்னும் நேரம் இருப்பதால் மாமியாரை முன்னேஸ்வரத்துக்கு அழைத்துப் போகலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் அந்தக் கோயில் இருக்கும் சிலாபத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். ஈழத்துப் பஞ்ச ஈசுவரங்கள் எனப்படும் ஐந்து பழைய சிவன் கோயில்களில் ஒன்று. கோட்டை இராச்சியத்தின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அதற்கு அளித்த மானியத்தைப் பதிவுசெய்த கிரந்தக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1578இல் போர்த்துக்கேயர் இடித்ததைப் பின்னர் கண்டியின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் திருப்பணி செய்வித்தான். சிங்களவரும் தமிழரும் அருகருகே நின்று அர்ச்சனைத் தட்டு நீட்டும் இடம் அது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், அங்கே போவதென்றால் முதலில் முன்னேஸ்வரம், திரும்பும் வழியில் நீர்கொழும்பு என்ற வரிசையில் போக வேண்டும்.

ஹைலெவல் வீதி எழுதியது:

பழைய தலைநகரான சீதாவக்கையை யாரும் சொல்லவில்லையே? இன்றைய அவிசாவளையில், ஆற்றங்கரை மேட்டில், அங்கிருந்து ஆண்ட முதலாம் ராஜசிங்கன் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பெரெண்டிக் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. பௌத்த வரலாற்று நூலான சூளவம்சம் அவனைச் சைவனாக மாறியவன் என்று கண்டிக்கிறது. அந்தச் சைவத்தின் கல்சாட்சி இதுதான் என்பார்கள். செதுக்கு வேலை நுட்பமானது. ஒன்றரை மணி நேரப் பயணம், கூட்டமே இருக்காது. ஆனால் அடித்தளத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதால் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். கல்லைப் பார்த்துக் கட்டடத்தை மனத்துக்குள் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறேன்.

வெள்ளவத்தை வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மைத்துனரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் காலி, மாமியாருக்கு முன்னேஸ்வரம், பிள்ளைகளுக்குப் புகையிரதம். கடலோரமாகப் போகும் புகையிரதத்தில் காலிக்குப் போக வேண்டும் என்று எங்கேயோ காணொளி பார்த்துவிட்டுப் பிடிவாதமாக இருக்கிறார்கள். நான் வெள்ளவத்தையில் தினமும் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டுகிறவன் என்பதால் அதன் நேரந்தவறாமை குறித்து எனக்கு மயக்கமில்லை. ஆனாலும் முற்றிலும் மறுக்க மனமில்லை. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

காலி மருமகள் எழுதியது:

போகும்போது புகையிரதம், திரும்பும்போது வான் என்று வைத்தால் ஆபத்தில்லை. காலிப் புகையிரத நிலையம் கோட்டைக்கு எதிரிலேயே இருக்கிறது. இறங்கிப் பத்து நிமிடத்தில் நடந்து வாசலுக்குப் போகலாம். வான் சாரதி அதிவேக வீதியால் முன்னதாக வந்து காத்திருக்கட்டும். புகையிரதம் தாமதித்தால் கோட்டையில் செலவழிக்கும் நேரம்தான் குறையும், கப்பலுக்குப் போகும் நேரம் குறையாது. ஆனால் புகையிரதத்துக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலும் கப்பலிலிருந்து இறங்கும் நேரத்துக்குப் பொருந்தும் வண்டி அன்று இருக்க வேண்டும். அது இல்லையென்றால், பிள்ளைகளையும் மைத்துனரையும் மட்டும் காலி நிலையத்திலிருந்து ஹிக்கடுவை வரை ஏற்றிவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வான் அங்கே போய் அவர்களை ஏற்றிக்கொண்டு அதிவேக வீதிக்குத் திரும்பலாம். கடல் மேற்கே இருப்பதால் கொழும்புப் பக்கம் வரும்போது இடப்பக்க யன்னல், தெற்கே போகும்போது வலப்பக்க யன்னல்.

இறங்குதுறை எழுதியது:

அக்கா சொன்ன இரண்டாவது யோசனையும் வேண்டாம் என்பேன். திரும்பும் பாதியில் புகையிரதத்தைச் சேர்த்தால், ஒரு வண்டி தாமதமானால் போதும், குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பிள்ளைகளுக்கு ஆசை தீர வேண்டும் என்றால் போகும்போது மட்டும், அதுவும் வண்டி நேரம் பொருந்தினால் மட்டும்.

வேறு சிலவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் பாடசாலைகள் ஒன்றரை மணிக்கு விடும். அதன் பின் ஒரு மணி நேரத்துக்கு நகரத்துக்குள் எந்த வீதியும் நகராது. தை மாதப் போயா எனப்படும் முழுநிலா நாளுக்கு முந்திய நாட்களில் களனி விகாரையில் துருது பெரஹரா ஊர்வலம் நடப்பதால், மாலையில் பேலியகொடைப் பக்கம் நெரிசல் இருக்கும். துறைமுக வாயிலுக்கு வெளியே பயணிகளை மொய்க்கும் ஓட்டோக்காரர்கள் சொல்லும் தொகை கொழும்புக்காரருக்குச் சொல்லும் தொகை அல்ல. உங்கள் ஆட்களிடம் நீங்கள் நிற்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லி, யாருடைய வண்டியிலும் ஏறாமல் நேரே வரச் சொல்லுங்கள். 1505இல் கொழும்பில் கரையேறிய போர்த்துக்கேயரை, அடுத்த வீட்டுத் தூரத்தில் இருந்த கோட்டை என்ற தலைநகருக்கு மூன்று நாள் சுற்றி அழைத்துப் போனார்கள் என்று சிங்களத்தில் ஒரு பழமொழியே உண்டு. வந்திறங்கியவரைச் சுற்றி அழைத்துப் போகும் கலை இந்தத் துறைமுகத்தில் புதிதல்ல.

கல்லெழுத்து எழுதியது:

அந்தக் கோட்டையையும் வழியில் காட்டலாம் என்று தோன்றுகிறது. காலியிலிருந்து திரும்பும்போது கொட்டாவையில் இறங்காமல் அதுருகிரிய வெளிவாயிலில் இறங்கி, பத்தரமுல்லை வழியாக நகரத்துக்குள் வந்தால், தியவன்னா நீரின் நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றம் தெரியும். அந்த நீர்நிலைதான் பழைய கோட்டை இராச்சியத்தின் தலைநகருக்கு இயற்கை அகழியாக இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன்தான் யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப் பெருமாள். மதிலின் எச்சங்கள் இன்று வீட்டு மதில்களோடு கலந்து கிடக்கின்றன. இறங்கித் தேட நேரமில்லை, வானிலிருந்தே சொல்லிக்கொண்டு வரலாம். அங்கிருந்து பொரளை வழியாக நூதனசாலைக்கு வந்து, அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போகலாம்.

இறங்குதுறை எழுதியது:

ஒரு நிபந்தனையோடு சம்மதம். காலியிலிருந்து ஒன்றேகால் மணிக்குக் கிளம்பியிருந்தால் மட்டும். அப்படியென்றால் மூன்றேகாலுக்கு நூதனசாலை, மூன்றே முக்காலுக்கு வெளியே, நாலேகாலுக்குள் துறைமுக வாயில். இது என் நாலு மணி எல்லையைக் கால் மணி நேரம் மீறுகிறது. நூதனசாலை துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் விட்டுக்கொடுக்கிறேன். அதுருகிரியவைத் தொடும்போது இரண்டே முக்காலைத் தாண்டிவிட்டால், கல்லை மறந்துவிட்டு வெளிவட்ட வீதியிலேயே தொடர்ந்து கெரவலப்பிட்டி வழியாகத் துறைமுகத்துக்குப் போங்கள். இந்த முடிவை வானில் ஏறும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அதுருகிரியவில் வைத்து வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

நீர்கொழும்பான் எழுதியது:

ஆக முன்னேஸ்வரம் தோற்றது. மாமியாரிடம் யார் சொல்லப்போகிறீர்கள்?

வெள்ளவத்தை வாசி எழுதியது:

மாமியாரிடம் நானே சொல்லிவிட்டேன். காலிக்குப் போகும் வழியில் ஒரு கோயிலாவது வேண்டும் என்றார். அதிவேக வீதியில் கோயில் கிடையாது என்றேன். கடைசியில், புறப்படும்போது துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் பத்து நிமிடம் நின்று போவது என்று உடன்பாடு ஏற்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் கட்டுவித்த கோயில் என்று சொன்னதும் மைத்துனருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. இங்குருகடைச் சந்திக்குப் போகும் திசையிலேயே இருப்பதால் நேரம் அதிகம் இழக்க மாட்டோம். புகையிரதத்தை விட்டுவிட்டோம், பிள்ளைகளுக்குச் சேவல் முத்திரையைக் கண்டுபிடிக்கும் போட்டி வைத்திருக்கிறேன்.

கல்லெழுத்து அவர்களே, நூதனசாலைக்கு நேரம் கிடைத்தால் அந்தக் கல்லில் தமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அரை மணி நேரத்தில் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

கல்லெழுத்து எழுதியது:

ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள கல். உச்சியில் இரண்டு சீன டிராகன்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டிருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். முன்னே நின்று பார்த்தால் வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். மதகின் மேல் கிடந்து தேய்ந்துபோனதால் நேர்வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாது. பக்கவாட்டில் நின்று சாய்வாகப் பாருங்கள்.

இறங்குதுறை எழுதியது:

கப்பலில் தரும் அன்றாட அறிவித்தல் தாளில் கொழும்பு முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். அந்தத் தாளைக் கிழித்து மைத்துனர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் கைப்பேசியிலும் அந்த எண்ணைப் பதிந்துவிடுங்கள். கப்பலின் கடிகாரம் உள்ளூர் நேரத்தோடு ஒத்திருக்கிறதா என்பதையும் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்; சில கப்பல்கள் தங்கள் நேரத்தை மாற்றாமலே துறைமுகத்துக்கு வரும்.